வளைவு தாண்டட்டும்

அந்தக் குடியிருப்புக்குள் கார் நுழைந்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதே தாழ்ந்த கூரை, அதே சிவப்புக் கதவு. அடுத்த வீடும் அதே, அதற்கடுத்த வீடும் அதே. ஒவ்வொரு தெருவும் கொஞ்ச தூரம் நேராகப் போய், ஊசியிலை ஃபர் மரங்களுக்குப் பின்னால் வளைந்து மறைந்தது. அந்த வளைவைப் பார்த்த மாதிரி வீட்டுக்கு ஒரு பெரிய ஜன்னல். இந்த அதிசயத்தை எல்லாம் படைத்த மகானுபாவன் வெண்டெல், என் முன்னாள் புருஷன். அவன் மட்டும் மலைமேல் ஒரு பழைய மரவீட்டில் குடியிருந்தான். தான் கட்டியதில் அவன் ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை.

மத்தியானம்தான். ஆனாலும் ஓயாத மழை, வீடுகளில் விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவர், ஒரு வீட்டில் நைட்டி போட்ட ஒரு பெண், ஒரு வீட்டில் பள்ளிக்கூடப் பையன். இந்தப் பக்கத்து ஊர்களில் முன்பின் தெரியாத கார் போனாலும் கை ஆட்டுவார்கள். இங்கே ஒரு கையும் அசையவில்லை. வெண்டெல் கட்டின ஊர், அவனை மாதிரியே மரியாதை தெரியாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் பிரிட்டா அங்கே ஒரு வீட்டில் இருந்தாள். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பரிசு. அவள் புருஷன் கர்ட்டிஸ் மீன்பிடிக் கப்பலில் அலாஸ்கா போயிருந்தான். இவளுக்கு அப்போது நாலு மாதம். ஒரு வாரமாகப் போன் பண்ணினால் எடுப்பாள், "ஒரு நிமிஷம்மா, இதோ வந்துடுவார்" என்பாள். யார் வந்துவிடுவார் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுவாள். கிளம்பி வந்துவிட்டேன்.

இதை எல்லாம் இப்போது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். உள்ளே அவளுக்குப் பிரசவ வலி. இங்கே காப்பி வாயில் வைக்க முடியவில்லை, நாற்காலி ஒன்றுகூடக் காலி இல்லை. எனக்கு இடம் கிடைத்ததே பெரிய விஷயம். மூலையில் இருந்த ஒரு ஆளின் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தேன். அவன் சட்டென்று எழுந்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், ஓட்டமாகப் போய்விட்டான். பிரசவ வார்டு, யார் வேண்டுமானாலும் அழலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிட்டா வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போனதும் ஒரு வாடை. நனைந்த கம்பளியும் ஊசிப்போன காப்பியும் கலந்த வாடை. எங்கேயோ மோந்த வாடை, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பிரிட்டா ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலை ஒட்டிச் சுவரோடு சேர்த்துக் கட்டிய பலகைத் திண்டு, மேலே மெத்தை. தலை சிக்குப் பிடித்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் காப்பிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் பூசணம். கழிவறைக்குக்கூட அவள் எழுந்து போகவில்லை என்று என் மூக்கு சொன்னது.

"எத்தனை நாளாடி இப்படி உட்கார்ந்திருக்கே?"

"இப்பத்தாம்மா உட்கார்ந்தேன்."

"எந்திரி."

"சத்தம் போடாதே." கிசுகிசுத்தாள். கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. "அவர் வந்துட்டிருக்கார். வளைவு தாண்டட்டும், எந்திரிச்சுடறேன்."

நான் வெளியே பார்த்தேன். மழை. தெரு. எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டி. வளைவில் ஈ காக்கா இல்லை.

"யாருடி?"

"தொப்பி போட்டிருக்காரே. உனக்குத் தெரியலை?"

அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள், தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன். அசைக்க முடியவில்லை. வேர் விட்ட செடியைப் பிடுங்குவது மாதிரி இருந்தது. அவள் கத்தவில்லை, திமிறவில்லை. பாவம் இந்த அம்மா என்பது போல லேசாகச் சிரித்தாள்.

அப்போதுதான் மெத்தையைப் பார்த்தேன்.

அவள் பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

அங்கே யாரும் இல்லை.

வாடையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹில்மாவின் வீடு.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. வெண்டெலும் நானும் கட்டட வடிவமைப்பு படித்துவிட்டு, புதிதாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. "நல்ல வாசல், நல்ல படி, நல்ல தெரு எல்லாத்தையும் மனுஷன் ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டான் லோர்னா. எங்கெல்லாம் ஜனங்க சுகமா இருக்காங்களோ அங்க போய் அளந்துக்கணும். அதுதான் மாதிரி வடிவம். அதையே எடுத்து எங்க வேணா, எத்தனை தடவை வேணா போட்டுக்கலாம்." ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு அட்டை, ஒரு படம், ஒரு பெயர். சொந்தமாக ஒரு கோடு இழுக்க வக்கில்லாதவனுக்கு இதைவிடத் தோதான கொள்கை கிடைக்குமா? ஊர் உலகம் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஒருத்தன் தைத்த சட்டையை அளவு பார்த்து ஊருக்கெல்லாம் தைத்துப் போட்டால் அவனுக்குப் பெயர் மேதை.

அப்படி அளக்கப் போன வீடுதான் ஆற்றங்கரைச் சாலையில் இருந்த ஹில்மாவின் வீடு. அந்த ஃபின்லாந்துக்காரக் கிழவி செத்துப்போய் வீடு விற்பனைக்கு வந்திருந்தது. அவளுடைய அண்ணன் மகள் வீட்டைக் காட்டினாள். காட்டினாள் என்றால், ஜன்னல் திண்டில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். காப்பி வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். நாங்கள் அவளைச் சுற்றியே நாடா பிடித்து அளந்தோம்.

"அத்தைக்கு இந்த இடம்தான்," என்றாள் தெருவைப் பார்த்தபடி. "தொப்பி போட்டுக்கிட்டு மரம் அறுக்கிற மில்லுக்குப் போன மாமா திரும்பி வரலை. குளிர்காலம் பூரா இங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. மார்ச்ல நாங்க வந்து பார்த்தப்பவும் உட்கார்ந்துதான் இருந்தாங்க."

எனக்கு உடம்பு கூசியது. வெண்டெலுக்கு முகமெல்லாம் பல். காரில் ஏறியதும் தொடையைத் தட்டிக்கொண்டான்.

"பார்த்தியா? ஒரு மனுஷிக்கு உயிர் போற வரைக்கும் எந்திரிக்க மனசு வரலை. இது திண்டு."

"அது திண்டு இல்ல, பாடை. அதை விட்டுத் தொலை."

விடுவானா? அட்டையில் எழுதினான். முதுகுக்குச் சுவர். கால் தரையில் படும் தாழ்ந்த பலகை. இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம். எதிரே வளைந்து மறையும் சாலை. "அந்த வளைவுதான் உயிர், லோர்னா. யாரோ வரப்போறாங்கன்னு மனசு காத்துக்கிட்டே இருக்கும்." வீட்டு வரைபடம் போதாதென்று தெருவையும் அதற்கேற்ற மாதிரி வளைத்து ஒரு ஊரையே போட்டான். மெடல் கொடுத்தார்கள். நான் அவனை விட்டு வந்ததற்குக் காரணம் வேறு, அது ஒரு மாணவி. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பிரிட்டாவை என்னால் எழுப்ப முடியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், வெள்ளத்தில் பாலம் மூடியிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் வெண்டெலைக் கூப்பிட்டேன். மஞ்சள் மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"என்ன லோர்னா, பொண்ணு நிம்மதியா உட்கார்ந்திருக்கா. அதுக்கு இத்தனை ரகளையா?"

"ஒரு வாரமா சாப்பிடலை அவ. வயித்துல குழந்தை இருக்கு. உன் கண்ணு என்ன பொட்டையா?"

"கர்ட்டிஸ் ஊர்ல இல்ல, ஏக்கம். சரியாயிடும்." மெத்தையைத் தட்டிக் காட்டினான். "இது பலகை, பஞ்சு, வெளிச்சம். இதைப் பார்த்துப் பயப்படறியே, நீயெல்லாம் என்ன படிச்சே?"

"நீ ஒரு தடவையாவது இதுல உட்கார்ந்திருக்கியா?"

அவன் மழைக்கோட்டைக் கழற்றி உதறினான்.

"ஊரையே உட்கார வெச்சியே வெண்டெல், நீ உட்கார்ந்தியா?"

காது சிவந்துபோய்விட்டது. "தள்ளிக்கோடா கண்ணு," என்றான் மகளிடம். "உங்கம்மாவுக்குக் காட்டறேன்."

உட்கார்ந்தான். மெத்தை அமுங்கியிருந்த இடத்துக்கும் அவளுக்கும் நடுவில்.

பிரிட்டா எழுந்தாள்.

தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி எழுந்து நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மா, பசிக்குது," என்றாள். கால் மடங்கியது. நான் தாங்கிக்கொண்டேன்.

"பார்த்தியா, எந்திரிச்சுட்டா," என்றான் வெண்டெல். "ஒண்ணுமே இல்ல."

"சரி. நீயும் எந்திரி."

"இதோ."

எழவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தான்.

"யாரோ வர்றார் லோர்னா," என்றான் மெல்ல. "தொப்பி போட்டிருக்கார்."

அவனை இழுக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஒரு தடவை இழுத்தேன். அதற்குமேல் எனக்குத் தோன்றவில்லை. மகளை அணைத்துக்கொண்டு காருக்கு ஓடினேன்.

அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். தீயணைப்புக்காரர்கள் வந்து ஆறு பேராகப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேம்பித் தேம்பி அழுதானாம். கையை விட்டதும் மழையில் வெறுங்காலோடு நடந்து திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டான். ஒரு ஆள் வந்து சோறு ஊட்டுகிறான். பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், தன் படைப்பில் தானே ஆழ்ந்துவிட்ட மேதையாம். திண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அவனே சாட்சியாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, நான் சிரித்தேன்.

மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன், கதவு கதவாகத் தட்டி. வீட்டுக்கு ஒருத்தர் அந்தத் திண்டில் இருந்தார்கள். "எங்க மாமா எப்பவுமே சோம்பேறிதாங்க," என்றான் ஒருத்தன். "எங்க பையன் இப்பல்லாம் என்ன சமத்து தெரியுமா?" என்றாள் ஒருத்தி, அவனுக்கு வாயில் ஏதோ திணித்துக்கொண்டே. தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு பலகையிலிருந்து எந்திரிக்கத் துப்பில்லாத ஜென்மங்கள். ஹில்மா வீட்டில் அன்றைக்கு நான் உட்காரவில்லை, பிரிட்டா வீட்டிலும் உட்காரவில்லை. மனசில் கொஞ்சம் திடம் இருந்தால் போதும், எந்தப் பேயும் என்ன பண்ணிவிடும்?

பிரிட்டாவுக்கு அந்த ஒரு வாரம் சுத்தமாக நினைவில்லை. காய்ச்சல் வந்து படுத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் எதையும் சொல்லவில்லை. பிள்ளைத்தாச்சியிடம் என்னத்தைச் சொல்வது, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என்னோடு கூட்டிக்கொண்டு வந்தேன், தேறினாள், கர்ட்டிஸும் வந்து சேர்ந்தான். இதோ, இன்றைக்குப் பிரசவம்.

நர்ஸ் வந்தாள். "பாட்டியம்மா, பேத்தி பொறந்திருக்கா. வாங்க, வந்து பாருங்க."

"இதோ வர்றேன்," என்றேன்.

நல்ல இடம் இது. முதுகுக்குச் சுவர் இருக்கிறது. கால் சுகமாகத் தரையில் படுகிறது. இடது பக்கமும் வெளிச்சம், வலது பக்கமும் வெளிச்சம். ஜன்னலுக்குக் கீழே கார்கள் வரும் பாதை கொஞ்ச தூரம் நேராகப் போய், மரங்களுக்குப் பின்னால் வளைந்து மறைகிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அட்டை இப்போது எல்லாக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்திலும் இருக்கிறதே, எந்த மடையனோ எடுத்து இங்கேயும் போட்டிருக்கிறான். பிரசவ வார்டில், காத்திருக்கிறவர்களுக்கென்று.

சரி, எழுந்துவிட வேண்டியதுதான்.

என்ன வாடை இது, கம்பளி வாடை.

"அத்தை, நேத்திலேர்ந்து இங்கேயேவா இருக்கீங்க?" கர்ட்டிஸ் எதிரே நின்றான். கையில் பை, வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி.

"இப்பத்தான்பா உட்கார்ந்தேன்."

பின்னால் பிரிட்டா வந்தாள். மெல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு, மார்போடு குழந்தையை அணைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைத் துணிக்குள் சின்ன முகம் தெரிந்தது. அதைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணை எடுத்தால் அவன் எவ்வளவு தூரம் வந்தான் என்று தெரியாமல் போய்விடும்.

"பேத்தியைப் பார்க்கக்கூட வரலையேம்மா நீ," என்றாள் பிரிட்டா. "என்ன கோபம் என்மேல? கால் வலிக்குது. கொஞ்சம் தள்ளிக்கோ, நாங்களும் உட்கார்றோம்."

உட்காராதே என்று சொல்ல வேண்டும்.

சொல்லத்தான் போகிறேன். தொப்பிக்காரன் மரத்தடிக்கு வந்துவிட்டான். அவன் வளைவு தாண்டட்டும்.