திருப்ப மறந்த முழங்கை

சோதனை இயந்திரத்தின் சுவிட்சை அணைத்த பிறகும் அந்தச் செயற்கை முழங்கை இன்னும் ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. மிச்ச வேகமாக இருக்கும் என்று வடிவமைப்பாளர் தன்னையே தேற்றிக்கொண்டார். படித்த மனுஷனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

அது அவர் மனைவிக்காகச் செய்த மூட்டு. விபத்தில் நொறுங்கியது இடது முழங்கை. இப்படி நேர்ந்தால் நல்ல வலது கையை ஸ்கேன் எடுத்து, கணினியில் கண்ணாடி பிம்பம் போல இடம் வலமாகத் திருப்பி, அந்த அளவில் மூட்டைச் செய்வார்கள்.

"ஊர்ல எல்லாருக்கும் செய்றீங்க. எனக்கும் நீங்களே செய்ங்க. சரியானதும் ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சுக்கறேன்" என்றாள். அறுவைக்கு முன்பே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு, தேய்மானச் சோதனைக்காக மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த வெதுவெதுப்பான சீரத்தில் மூழ்கியபடி க்ளிக், க்ளிக் என்று மடங்கும் அந்த மூட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய குடும்ப வாழ்க்கை.

இன்றுதான் கண்ணில் பட்டது. மூட்டின் சாய்வு பக்கம் மாறியிருந்தது. கணினியில் திருப்பவே மறந்திருக்கிறார். அவள் ஆசையாகக் கேட்ட இடது கைக்கு வலது மூட்டு! அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சுவிட்சை அணைத்தார்.

பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பி, விளக்குப் போடக்கூட மனமில்லாமல் படுத்தார். ஆய்வக உதவியாளர் போனில் கூப்பிட்டார்.

"சார், மூட்டைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டீங்களா? மெஷின் காலியா இருக்கு."

"இல்லையே, அங்கதான் விட்டுட்டு வந்தேன்."

"வாசல் வரைக்கும் சீரம் சொட்டியிருக்கு சார்."

போனை வைத்ததும் வீடு நிசப்தமானது. பிறகு கூடத்திலிருந்து, நாள்பட்ட ரத்தமும் ஈர இரும்பும் கலந்த ஆய்வக வாடை மெல்ல நகர்ந்து அறைக்குள் வந்தது.

க்ளிக்.

கட்டிலில் அவள் பக்கம் அமுங்கியது. ஒரு வலது கை அவர் தோளைச் சுற்றியது. அந்தக் கையை அவருக்குத் தெரியும். பயத்தையும் மீறி அழுகை வந்தது.

"வந்துட்டியா?"

இடது கையும் அணைக்க எழுந்தது.

க்ளிக்.

அவரை விட்டு விலகி, தப்பான பக்கம் மடங்கியது.

மறுபடி. க்ளிக்.

மறுபடி.

பிறகு நின்றது. வலது கை மட்டும் அவர் தோளிலிருந்து மெல்ல இறங்கி, அவருடைய இடது முழங்கையைத் தேடிப் பிடித்து, விரலால் அழுத்தி அழுத்தி எலும்பை அளவெடுத்தது.