நீல விளக்கு யாரைத் தேடுகிறது?

"நைனா, இந்த ஸ்பீக்கர் இன்னாத்துக்கு நீலமா கண்ணடிச்சுக்கினே இருக்குது?"

"என் போனைத் தேடுது, கண்ணு. போன் பக்கத்துல இருந்தா கண்ணடிக்கிறதை நிறுத்திடும்."

"நீ குஜராத்துக்குப் போயிட்டா?"

நைனா பெட்டியின் ஜிப்பை இழுத்துப் பூட்டிவிட்டு யோசித்தார்.

"தேடிக்கினே இருக்கும்."

இந்தப் பேச்சு நடந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ரம்யாவுக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பாடங்கள்தான் மறந்துபோயின.

ரம்யா நைனா என்று கூப்பிடும் அவள் அப்பா அன்புசெல்வன், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். கம்பெனி குஜராத்தில் புதிதாகத் தொழிற்சாலை திறந்து, அவரை அங்கே அனுப்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இன்டர்நெட் வழியாகப் பேசுவார். மைக் வைத்த ஹெட்போன் ஒன்றே ஒன்றுதான். அதை முதலில் ரம்யாவின் அம்மா கன்னியம்மா மாட்டிக்கொள்வாள்.

"சாப்பிட்டீங்களா? இங்க எல்லாம் நல்லாருக்கோம். இருங்க, பொண்ணுகிட்ட குடுக்குறேன்."

அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விடுவாள்.

அங்கே மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் ஒரு செய்தித்தாள் துண்டு மடிந்து கிடந்தது. அவர்கள் ஊரான கவரைப்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேருக்கு ஆள் தேவையாம். முப்பதாம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

"நைனாவை வரச் சொல்லேம்மா."

"அவுரு அங்க சிரிச்சுக்கினு சந்தோஷமா கீறாரு. நான் நடுவுல பூந்து பேஜாரு பண்ணணுமா? போய்ப் படி."

ஆனால் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று ரம்யாவுக்குத் தெரியும். நைனா, "வெச்சிடட்டா?" என்று கேட்பார். உடனே வைக்க மாட்டார். ரம்யா போய்விட்டாள் என்று நினைத்து, "கன்னிம்மா..." என்று ஒருமுறை மெதுவாகக் கூப்பிடுவார். அதற்குப் பிறகுதான் 'டிக்'கென்று சத்தம் கேட்கும்.

அதை அம்மாவிடம் சொன்னபோது, "போடி, கதை கட்டாத" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா தன் காதாலேயே கேட்க வேண்டும். கேட்டால்தான் நம்புவாள்.

ரம்யா நைனாவின் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

வீட்டுக்குள் இன்டர்நெட்டைப் பிரித்துத் தரும் ரவுட்டர், சமையலறைச் சுவரையொட்டிய அலமாரியில் இருந்தது. நைனா அதில் லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு புளூடூத் துண்டைச் செருகியிருந்தார். கம்ப்யூட்டரில் வரும் சத்தத்தை ரவுட்டர் வாங்கி, சமையலறை ஸ்பீக்கருக்குக் கம்பி இல்லாமலே அனுப்ப வேண்டும். அம்மா சமைக்கும்போது பாட்டு கேட்கட்டும் என்று அவர் ஆரம்பித்த வேலை அது. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. அதில், 'ஸ்பீக்கரை ரவுட்டரோடு ஜோடி சேர்க்கணும்' என்று எழுதி, கீழே நாலு வரி குறித்து வைத்திருந்தார்.

அன்று இருபத்தெட்டாம் தேதி, ஞாயிறு. ரம்யா முதல் மூன்று வரிகளையும் கம்ப்யூட்டரில் தட்டினாள். 'கிடைக்கவில்லை' என்றது ரவுட்டர். திரும்பவும் தட்டினாள். கிடைக்கவில்லை.

மூன்றாவது தடவை அர்ஷத்தைக் கூட்டிவந்தாள். அவள் வகுப்புதான். அவன் வாப்பா கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

அர்ஷத் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது இன்னும் உங்க நைனா போனையே தேடிக்கினு கீது. குஜராத்துல இருக்கிறது வேணுமாம், அலமாரியில இருக்கிறது வேணாவாம்! எங்க பெரியப்பா மாதிரியே இருக்குது. கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கினு ஊரெல்லாம் தேடுவாரு."

"இப்ப இன்னா பண்றது?"

"இதுக்கு ஒரு போனைத்தான் ஞாபகம் வெச்சுக்கத் தெரியும். பட்டனை அமுக்கிக்கினே இரு. பழசை மறந்துடும்."

பட்டனுக்குப் போன ரம்யாவின் விரல் பாதியிலேயே நின்றது. எட்டு மாதமாக இந்த வீட்டில் வெளிப்படையாக நைனாவைத் தேடியது அந்த நீல விளக்கு ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"மறந்துட்டா, நைனா வந்தாகூட அதுக்குத் தெரியாதா?"

"வந்தப்புறம் மறுபடி சேர்த்துக்கலாம்" என்றான் அர்ஷத். "மொதல்ல வரணுமில்ல?"

ரம்யா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். ஐந்து எண்ணினாள். விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறித் துடித்தது. அந்த மூன்று வரிகளை மறுபடி தட்டி, ரகசிய எண்ணாக நாலு பூஜ்யம் போட்டாள்.

எட்டு மாதத்தில் முதல்முறையாக, நீல விளக்கு கண்ணடிப்பதை நிறுத்தியது.

"எங்க கடையில இந்த வேலை பண்ணிக் குடுத்தா எனக்கு ஒரு சமோசா தருவாங்க" என்று சொல்லிவிட்டு அர்ஷத் கிளம்பினான்.

நாலு மணிக்கு அம்மா வழக்கம்போல் சாப்பாட்டை விசாரித்துவிட்டு சமையலறைக்குப் போனாள். ரம்யா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் நாலாவது வரியை நோட்டைப் பார்த்துத் தட்டினாள்.

"கண்ணு, இங்க பருப்புலகூட வெல்லம் போடுறாங்க!" என்று ஸ்பீக்கரில் நைனாவின் குரல் கேட்டது. "நான் தின்னுறது சாம்பாரா, பாயசமான்னு இன்னும் கண்டுபிடிக்கல."

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது. "ஐயோ, இங்க எப்படிடீ பேசுறாரு!" என்ற அம்மா, அடுத்த நொடியே களுக்கென்று சிரித்தாள்.

நைனா வெயிலைப் பற்றிச் சொன்னார். ஒட்டகம் பார்த்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்:

"வெச்சிடட்டா?"

"சரி, நைனா."

ரம்யா இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள்.

"கன்னிம்மா..." என்றது ஸ்பீக்கர், மெதுவாக.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு. மற்ற நாளென்றால் அவளே திட்டுவாள், ஆனால் அந்தக் கையாலேயே இன்று ஹெட்போனை வாங்கினாள்.

"வெக்காதீங்க" என்றாள்.

'டிக்'கென்ற சத்தம் வரவில்லை.

"இங்கயே பக்கத்துல வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. நாளன்னிக்குத்தான் கடைசி நாளு." அம்மா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "ஊட்டுக்கு வந்துடுங்க."