அஞ்சலைமேல் விழுந்த ஒளி

காலநோக்கியின் விசையைக் கருவியாளர் தமயந்தி அழுத்தியதும், ஆளுயரத் திரையில் தண்ணீர் தெரிந்தது. இன்று கூரையில்லாமல், தார்ப்பாய் மூடிக் கிடக்கும் இதே அவுரிச் சாயக் கிடங்கு 1887ஆம் ஆண்டின் ஒரு மாலையில் ஆட்களோடு நின்றது. இடுப்பளவு நீலத் தண்ணீரில் ஆண்களும் பெண்களும் இறங்கி, துடுப்புக் கட்டைகளால் தொட்டியை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பச்சைச் சேலை கட்டியிருக்கிறவதான் அஞ்சலை," என்றாள் தமயந்தி. "இன்னிக்குச் சாயங்காலம்தான் அவளைக் கொல்லப்போறாங்க."

அவளுக்குப் பின்னால் நெடுங்கரையின் இரண்டு தெருக்காரர்களும் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். அரிவாள்களை வாசலிலேயே வாங்கி வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர் இருதயராஜ்.

காலநோக்கி வந்த பிறகு நீதிமன்றங்களுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. கொலை நடந்த இடத்தில் கருவியை நிறுத்தினால் போதும், நடந்தது தெரிந்துவிடும். பழைய வழக்குகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். நெடுங்கரையின் வழக்குதான் இருப்பதிலேயே பழையது. அஞ்சலையை அவள் புருஷன் சடையன் அடித்துக் கொன்றான் என்றது தெற்குத்தெரு. அது அவளுடைய அண்ணன் வீரபத்திரனின் வம்சம். அண்ணன்தான் கொன்றான் என்றது சடையன் வழிவந்த வடக்குத்தெரு. இந்த ஒரு கேள்விக்காக இருநூறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வெட்டுப்பட்டவன் வடக்குத்தெரு ராசாத்தியின் மகன் தாண்டவன். பேருந்து நிறுத்தத்தில், அவள் கண்ணெதிரிலேயே கழுத்தில் வெட்டினார்கள்.

கிடங்குக்குள் யாரும் வருவதில்லை. அங்கே நீல வெளிச்சம் ஒன்று நடமாடியதாக வழிவழியாகச் சொல்லிவந்தார்கள்.

கொலை நடந்த நாளைக் கண்டுபிடிக்கத் தமயந்தி பல நாட்களாக அஞ்சலையைத் தொடர்ந்து பார்த்துவந்தாள். இந்த மாலைக்கு மறுநாள் அவள் எங்குமே தென்படவில்லை. கடந்த காலத்தைப் பார்க்க வேண்டுமானால் கருவி ஒரு மெல்லிய கதிரை அங்கே அனுப்ப வேண்டும். அது பட்டுத் திரும்பினால்தான் காட்சி. போய்ச் சேரும்போது அந்தக் கதிர் யார் கண்ணுக்கும் தெரியாதபடி சிதறிவிடும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

திரையில் வேலையாட்கள் அஞ்சலையை விட்டு விலகினார்கள். தொட்டியில் அவள் தனியாக நின்றாள்.

"அதோ, மறுபடியும் வந்துடுச்சு!" என்று ஒருத்தி அலறினாள். "அவ தலைக்கு மேலயே நிக்குது பாரு!"

எல்லா முகங்களும் திரையிலிருந்து நேராகத் தமயந்தியைப் பார்த்தன. அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், நம்ம கதிர் அவங்களுக்குத் தெரியுது. நான் இத்தனை நாளா இவளையே பிடிச்சு வச்சிருக்கேன். இவ போற இடமெல்லாம் அந்த வெளிச்சமும் போயிருக்கு. அதுக்குப் பயந்துதான் இவளை…"

அவள் கை விசைக்குப் போனது. அதைப் பாய்ந்து பிடித்தார் தெற்குத்தெருப் பெரியவர் தணிகாசலம்.

"உடுங்க! அணைச்சா அவ பொழைச்சுக்குவா!" என்று தமயந்தி திமிறினாள்.

"செத்து இருநூறு வருஷம் ஆச்சும்மா. எங்க பாட்டன் பேரு என்னா ஆவறது? மொத அடி யாரு அடிச்சான்னு பாக்காம ஒருத்தரும் வெளிய போவ முடியாது."

தமயந்தி ராசாத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓடட்டும்," என்றாள் ராசாத்தி. "எம் புள்ள எதுக்குச் செத்தான்னு எனக்குத் தெரியணும்."

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு இருக்கு," என்றார் இருதயராஜ். சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

திரையில் அஞ்சலை தொட்டியிலிருந்து ஏறி ஓடினாள். கருவி அவளைத் தொடர்ந்தது. சுவரோரம் வழி அடைபட்டதும் முட்டிபோட்டு, நீலம் ஏறிய கைகளைக் கூப்பினாள். கும்பிட்டது அங்கிருந்தவர்களை அல்ல, வெளிச்சத்தை.

"யாரு சாமி நீ? நான் யாருக்கு என்னா பண்ணேன்? என்ன உட்டுட்டுப் போயிடு சாமி!"

"அது போவாது. உள்ள பூந்துடுச்சு," என்றான் அண்ணன். பக்கத்தில் சடையன் அழுதபடியே துடுப்புக் கட்டையை ஓங்கினான். அண்ணனின் கட்டையும் உயர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கட்டைகள் உயர்ந்தன. எல்லாம் ஒன்றாக இறங்கின. தடுத்த கை ஒடிந்து தொங்கியது. அடுத்த அடியில் தாடை பெயர்ந்தது. அவள் ஊர்ந்தாள், வெளிச்சமும் கூடவே ஊர்ந்தது. அதைப் பார்த்து இன்னும் பலமாக அடித்தார்கள்.

"அணைச்சுடுங்க! ஐயோ, அணைச்சுடுங்க!" ராசாத்தி முகத்தில் அறைந்துகொண்டு கத்தினாள்.

தமயந்தி தணிகாசலத்தின் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு விசையைத் தட்டினாள். திரை இருண்டது. அந்தப் பக்கத்திலும் அதே கணத்தில் வெளிச்சம் போயிருக்கும். அடித்ததால்தான் பேய் ஓடியது என்று அவர்கள் கட்டைகளைக் கீழே போட்டிருப்பார்கள்.

ரத்தம் வழிந்த கையைப் பிடித்தபடி தணிகாசலம்தான் முதலில் பேசினார்.

"அப்ப எங்க பாட்டனும் கொல்லல. உங்க பாட்டனும் கொல்லல."

"ஆமா பெரிப்பா," என்றான் வடக்குத்தெருக்காரன் ஒருவன். பிறந்ததிலிருந்து அவரை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. "வெளிச்சம் போட்டவதான் கொன்னுருக்கா."

"நிறுத்தப் போனேன். என் கையைப் பிடிச்சது நீங்க!" என்றாள் தமயந்தி.

விபரீதம் நடக்கப்போகிறது என்று புரிந்து, இருட்டில் அவள் தப்பட்டும் என்று இருதயராஜ் கருவிக்கும் விளக்குகளுக்கும் வந்த மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தார். தார்ப்பாயின் கீழே இருட்டு கவிந்தது. அந்த இருட்டில், தமயந்தியின் தலைக்கு மேல், நீலமாக ஓர் ஒளி எழுந்தது.

அவள் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

கருவி செத்துக் கிடந்தது. இது வேறு எங்கிருந்தோ வருகிறது, இனி வரப்போகும் ஏதோ ஒரு நாளிலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. இப்படி ஒரு கிடங்கை நீதிமன்றம் எதற்காகப் பார்க்கும் என்பதும் விளங்கியது. நிமிர்ந்து அந்த ஒளியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"அணைச்சுடுங்க! நீங்க பாக்கறதாலதான்… அணைச்சுடுங்க!"

முதல் செங்கல் அவள் காதோரம் விழுந்தது. திரையைத் தாங்கிய இரும்புக் கால்களை உருவினார்கள். தெற்குத்தெருவும் வடக்குத்தெருவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெருங்கின. ராசாத்தி அவள்மேல் விழுந்து மறைத்தாள். ராசாத்தியின் முழங்கையை நொறுக்கி அவளை இழுத்துப் போட்டார்கள். இருதயராஜ் மேலே சுட்டார். யாரும் திரும்பக்கூட இல்லை. தமயந்தியின் மூச்சு நின்ற பிறகுதான் அந்த ஒளி அணைந்தது.

அதற்குப் பிறகு நெடுங்கரையில் வெட்டுக்குத்து இல்லை. தை மாதத்தில் இரண்டு தெருவுக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். தமயந்தியை அடித்தது யார் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. கும்பலில் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் தணிகாசலம். இருட்டில் இருதயராஜாலும் யாரையும் அடையாளம் சொல்ல முடியவில்லை. முதல் அடி யாருடையது என்று பார்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இருதயராஜ் நீதிபதியின் அறைக்கே போனார்.

"பாக்க வேண்டாம் ஐயா. நாம பாக்கப்போறதுதான் அவங்களைக் கொன்னது."

"நாம பாக்காம விட்டா?"

"வெளிச்சம் வந்திருக்காது. அவங்க உயிரோட இருந்திருப்பாங்க."

"அவங்க உயிரோட இல்லையே. அப்போ வெளிச்சம் வந்திருக்கு. நாம வேண்டாம்னு விட்டாலும் யாரோ ஒருத்தர் பாத்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?" நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவனோ பாக்கறதுக்குச் சட்டப்படி நாமளே பாத்துடலாம்."

பார்க்கக் குறித்திருந்த நாள் காலை ராசாத்தி கட்டுப்போட்ட கையோடு கிடங்கின் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை அவளச் சாவடிக்காதீங்க," என்று கதறியவளை நான்கு போலீஸ்காரிகள் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். சென்னையிலிருந்து வந்த புதிய கருவியாளர், கொலையுண்டவரின்மேல் கதிரைப் பொருத்தி விசையை அழுத்தினார்.

திரையில் இருட்டு விலகித் தமயந்தி தெரிந்தாள். நகர்ந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, நேராக அவர்களைப் பார்த்து ஏதோ கத்தினாள்.

"ஒண்ணும் புரியலையே," என்றார் நீதிபதி, நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு. "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."