பத்து விரல்களின் பதிவு

டம்ளரில் கைரேகை இருந்தது.

கறுப்புப் பொடியைத் தூரிகையால் மெல்லத் தடவ, எவர்சில்வரின் மேல் சுழி சுழியாக அது எழுந்து வந்ததும் மணிபாரதிக்கு முதலில் சந்தோஷம்தான். தடயவியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு ரெக்கார்டு நோட்டில் ஒட்ட இவ்வளவு சுத்தமான பதிவு லேசில் கிடைக்காது. பிறகுதான் உறைத்தது. அது அப்பா குடிக்காமலே வைத்துவிட்டுப் போன டம்ளர்.

அப்பாவுக்குக் கைரேகை கிடையாது.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகக் கப்புகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் தேய்ப்பவர் சிங்காரவேல். கப்போடு சேர்ந்து விரல் நுனிகளும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. ரேஷன் கடை மெஷின் அவரை ஏற்காது. அம்மா மகேஸ்வரிதான் போய் விரல் வைக்க வேண்டும். "நான் திருடப் போனா உங்க டிபார்ட்மெண்ட்டால ஒண்ணும் புடுங்க முடியாது பாப்பா" என்று சிரிப்பார். பொங்கல் லீவில் அவரிடம் எடுத்த பத்து விரல் பதிவும் பத்து மைத் திட்டுகளாகத்தான் வந்தன.

ஓய்வு கொடுத்தால் தேய்ந்த ரேகை திரும்ப வளரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்பா வேலைக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. சரக்கு எடுக்க ஆறிய சூளைக்குள் போனவர் உள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார் என்று சொல்லி, கூட வேலை செய்யும் கொளஞ்சிநாதன் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். "உள்ள ரொம்ப நேரம் இருந்துட்டாரும்மா. நாங்க கவனிக்கல" என்றவர், ஏனோ அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். உடம்பில் காயம் இல்லை. விரல் நுனிகள் மட்டும் வெடித்திருந்தன. மணிபாரதி அழுதுகொண்டே ஒவ்வொரு விரலுக்கும் களிம்பு வைத்து அழுத்தித் தடவினாள். அப்பா பிழைத்து வந்ததே போதும் என்றிருந்தது.

ரேகை வளர்ந்திருக்கிறது. தேறி வருகிறார். அவ்வளவுதான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று அம்மா பழமலைநாதர் கோயிலுக்குக் கிளம்பியதும், டிவி ரிமோட்டிலும் பீரோ கண்ணாடியிலும் ஜன்னல் கம்பியிலும் பொடி தூவினாள். அவளுடைய ரேகை வந்தது. அம்மாவுடையது வந்தது. அவற்றுக்கு நடுவே, அப்பா தொட்ட இடங்களில் எல்லாம், ஒரே சுழி. சுழியின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. கட்டைவிரல் பட வேண்டிய இடத்திலும் அதே. சுண்டுவிரல் பட வேண்டிய இடத்திலும் அதே.

வீட்டுக்குள் ஈர மண் வாசனை அடித்தது. வெளியே மழை இல்லை. நான்கு நாளாகவே அந்த வாசனை இருக்கிறது, காலையில் லேசாக, வெளிச்சம் மங்க மங்கக் கனமாக. உள்ளறையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து குளிக்கவில்லை. "பூனையாங்க நீங்க, தண்ணியக் கண்டா ஒதுங்குறீங்க?" என்று அம்மா காலையில்தான் கேலி செய்தாள். அவர் சிரித்தார். எதற்கும் சிரித்தார்.

"அப்பா, கை குடுங்க. ரெக்கார்டுக்கு வேணும்."

"எடுத்துக்கோ பாப்பா."

கை கனத்தது. குளிர்ந்திருந்தது. மை தடவி, விரலைத் தாளில் உருட்டினாள்.

கட்டைவிரல். சுழி. சாய்வுக் கோடு.

ஆள்காட்டி விரல். அதே சுழி. அதே கோடு.

நடுவிரல்.

பத்தும் ஒன்று. ஒரு மனிதனுக்கு எந்த இரண்டு விரலும் ஒன்றுபோல் இருக்காது. முதல் வருஷம், முதல் பாடம்.

கோடு. அரிவாள்மனை கிழித்த தழும்பு. பத்து வயதில். அவளுக்கு.

தன் வலது கட்டைவிரலை மையில் தோய்த்துப் பக்கத்தில் வைத்தாள். அதே சுழிதான், ஆனால் இடம் வலமாக மாறியிருந்தது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. அச்சில் அழுத்தி எடுத்த களிமண்ணில் அப்படித்தான் மாறும். அப்பாவுக்குக் களிம்பு தடவிய விரல் அது. ஒவ்வொரு நுனியிலும். அழுத்தி.

"ஏன் பாப்பா அழுவுற?"

அப்பாவின் குரல்தான். கண்ணீரைத் துடைக்க விரல் நீண்டது. கன்னத்தைத் தொட்டது. ஈரம் பட்ட இடத்தில் நுனி குழைந்தது. கன்னத்தில் சில்லென்று சேறு வழிந்தது. விரல் நிற்கவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தது.

"எங்க அப்பா எங்க?"

அதன் சிரிப்பு மாறவில்லை. கையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே காட்டியது. பாதி கரைந்த விரலுக்கு நேரே, தெருமுனைக்கு அப்பால், அப்பா மயங்கி விழுந்த அன்று முதல் யாரும் திறக்காமல் கிடந்த கம்பெனிச் சூளையை மறுபடி பற்றவைத்திருந்தார்கள். புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.