குழை மெத்தை

புல்லுமலையைத் தாண்டிய முதல் வளைவில், டொமினிக் உடம்பைச் சாய்ப்பதற்கு ஒரு கணம் முன்பாகவே அவனுக்குப் பின்னால் இருந்த பாரம் சாய்ந்துகொடுத்தது.

மோட்டார் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இது ஒரு சங்கதியே இல்லை. ஓட்டுகிறவனுக்குத்தான் அதன் விசித்திரம் தெரியும். பின்னால் இருக்கிறவள் முன்னால் இருக்கிறவனைப் பார்த்துத்தான் சாய முடியும். அதிலும் அவன் மனைவி பீற்றிஸ்! பீபிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும், அவன் இடப்பக்கம் சாய்ந்தால் விழுந்துவிடுவோமோ என்று வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த மனுஷி. 'ஒருமாதிரிப் படிச்சிட்டாள்' என்று டொமினிக் தனக்குள் சொல்லிக்கொண்டான். தான் சொல்லிக்கொடுத்தால் கழுதையும் கணக்குப் படிக்கும் என்பது அவனுடைய நினைப்பு.

அந்த நினைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஆள் தெருவேலையை மேற்பார்க்கும் ஓவசியர். முப்பத்தாறாம் ஆண்டில் பீபிலைப் பக்கம் சொந்த மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரே தமிழன் தான்தான் என்ற கொழுப்பு அவனுக்குத் தலைவரைக்கும் ஏறியிருந்தது. பிறந்தது மட்டக்களப்பு, படித்தது மிஷன் பள்ளிக்கூடம்; ஆனால் மட்டக்களப்புச் சனத்தைக் கண்டாலே உதட்டைச் சுழிப்பான். பஸ்ஸில் போகிறவர்கள் ஆடுகள், வண்டிலில் போகிறவர்கள் மாடுகள், நடந்து போகிறவர்களுக்கு அவன் பெயரே வைக்கவில்லை.

பீற்றிஸ் ஏழு மாதக்காரி. இதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவதாக நிலைத்த பிள்ளை இது. பேறு பார்க்க அவளை மட்டக்களப்புப் புளியந்தீவில் தாய் மார்கிறட்டின் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பஸ்ஸில் அனுப்புங்கள் என்று டாக்டர் சொன்னார். "கருவாட்டுச் சாக்குக்கு மேல இருந்து வாறதுக்கோ என்ட பிள்ளை?" என்று டொமினிக் டாக்டரையே கேட்டுவிட்டு வந்தான். இவ்வளவு தலைக்கனத்துக்கும் நடுவில் ஒன்று உண்மை. அந்தப் பிள்ளைக்காக அவன் ஒவ்வொரு நாளும் விளக்கணைத்த பிறகு, பீற்றிஸுக்குத் தெரியாமல், முழந்தாளில் நின்று அழுதான்.

நெடும்பயணத்துக்கு அவனிடம் சட்டங்கள் இருந்தன. பதினைந்து மைலுக்கு ஒருக்கால் இறங்கி இடுப்பு நாரியை நிமிர்த்த வேண்டும். தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிக்காமல் வாயை நனைத்தால் போதும். காற்றிரைச்சல் தலையிடி கொண்டுவரும் என்று காதுக்குள் பஞ்சு, அதற்குமேல் தோல் தொப்பி. பின்னால் இருக்கிறவள் இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப் பிடித்து முகத்தை முதுகில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், ஓடும்போது வாய் திறக்கக் கூடாது. இதை மட்டும் பீற்றிஸ் குறையில்லாமல் கடைப்பிடித்தாள். நாலு வருசமாக வீட்டிலும் அதுதானே சட்டம்.

ஆனால் நாரி நோவு சட்டம் கேட்காது. மகாஓயா தாண்டியதும் அவள் முனகத் தொடங்கிவிட்டாள். மடித்த சாக்கு ஒன்றுதான் ஆசனத்தின்மேல் கிடந்தது. புல்லுமலைக்குக் கொஞ்சம் முன்னால், தெருவோரத்தில் ஒரு பெரிய மருதமரத்தைக் கண்டு டொமினிக் வண்டியை நிறுத்தினான். மரத்தடியில் இரண்டு கவைக்கம்பு நட்டுக் குறுக்கே ஒரு தடி. அந்தத் தடி முழுக்க, இலையோடு முறித்த குழைகள் கொழுவித் தொங்கின; சருகானது, மஞ்சளானது, அன்று காலையில் முறித்துப் பால் காயாதது என்று நூற்றுக்கணக்கில். விறகு வண்டிலோடு வந்த கரடியனாற்றுக் கதிர்காமத்தம்பி தன் பங்குக்கு ஒரு குழையைக் கொழுவிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

டொமினிக் நேரே போய், பச்சைக் குழையாகப் பார்த்து இரண்டு கையாலும் அள்ளினான்.

"ஐயா! ஐயா! அதுல கை வைக்காதீங்க!"

"ஏன், உன்ட அப்பன் நட்ட மரமோ?"

"காட்டுக்குள்ளால வரக்குள்ள மனிசனுக்குப் பின்னால என்னென்னவோ வரும் ஐயா. அதுகள ஊருக்குள்ள கொண்டு போகேலா. ஒரு குழைய முறிச்சு, இஞ்ச நில்லு எண்டு சொல்லிக் கொழுவிப்போட்டுத்தான் நாங்க போறது. நீங்க அள்ளுறது வெறுங் குழை இல்ல."

"வெறுங் குழை இல்லாட்டி வேறென்ன? ஒரு ஆட்டக் கூட்டிவந்து கேள், சொல்லும்."

"இஞ்சேருங்க, வேணாம்" என்றாள் பீற்றிஸ். "எனக்குச் சாக்கே காணும், போதும்."

"நாரி நோகுது எண்டு முனகினது ஆர்? பிள்ளைக்குக் கூடாது. வாயப் பொத்திக்கொண்டு ஏறு."

குழையை ஆசனத்தில் அடுக்கி, சாக்கை மேலே போட்டுக் கயிற்றால் இறுக்கினான். மெத்தை! சீமைத் துரைக்கும் இந்த மூளை வராது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். கதிர்காமத்தம்பி வண்டிலைத் தெருவை விட்டு ஓரங்கட்டினான். இவர்களுக்குப் பின்னால் அந்தத் தெருவில் வர மனமில்லாமல், பின்னேர வெயில் இறங்கு முன்பே மாட்டை அவிழ்த்து மரத்தில் கட்டினான்.

அது முடிந்து இரண்டு மைலில்தான் அந்த வளைவு வந்தது.

அடுத்த வளைவிலும் பாரம் முந்திக்கொண்டது. அதற்கடுத்ததிலும். பிறகு தெரு நேராகி, ஏற்றமே இல்லாத சமதரையில் ஓடியும், எஞ்சின் மலையேறும் குரலில் திணறத் தொடங்கியது. கசங்கிய இலையின் வாசமும், அதற்கடியில் வேறொரு வாசமும் வந்தது. மழைக்கு ஒதுங்கி ஒரே கூரைக்குள் நெருங்கி நிற்கும் சனத்தின் ஈரத்துணி, தலையெண்ணெய், வெற்றிலை, வியர்வை எல்லாம் கலந்த வாசம். மாசி மாத வெயிலில் தெரு வெடித்துக் கிடந்தது. பின்சக்கரச் சில்லு எதிலோ உரஞ்சும் சத்தம் பஞ்சையும் தாண்டிக் காதில் விழவே, டொமினிக் வண்டியை நிறுத்தி அவளை இறங்கச் சொன்னான்.

அவள் இறங்கினாள். ஆசனத்துச் சுருள்கம்பிகள் நிமிரவில்லை.

குனிந்து பார்த்தான். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்ட அமுங்கியபடியே இருந்தன. பின் டயர், நாலு நெல்மூட்டை ஏற்றினால் பிதுங்குகிற மாதிரி, பிதுங்கியிருந்தது. கையைக் கொடுத்து ஆசனத்தைத் தூக்கினான், அசையவில்லை. "சீமைச் சாமான் எண்டு சொல்லித் துருப்பிடிச்ச கம்பிய வித்திருக்கிறான்" என்று கறுவிக்கொண்டே நிமிர்ந்து, "ஏறு" என்றான்.

பீற்றிஸ் தெருவின் மற்றக் கரையில் நின்றாள். வாய் அசைந்தது. அவன் ஒரு காதுப் பஞ்சை எடுத்தான்.

"என்ன?"

"ஏற இடமில்ல."

"என்ன சொல்றாய்?"

"இடமில்லங்க. நல்லாப் பாருங்க." அவள் அழவில்லை. நெருக்கத்தில் யாருக்கோ வழிவிடுகிறவள் ஒதுங்குவதுபோல இன்னும் ஓரடி பின்னால் போனாள். "நான் வண்டில்காரரோட வாறன். அவர் நாளைக்கெண்டாலும் வருவாரு. நீங்களும் அத விட்டுப்போட்டு வாங்க."

ஆசனத்தில் சாக்கும் குழையும் தவிர ஒன்றுமில்லை. டொமினிக்குக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது. ஏழு மாத வயிற்றோடு காட்டில் நிற்கப் போறாளாம், ஆனைக்கு விருந்து வைக்க! படிக்காத வண்டில்காரன் ஒருவன் உளறினால் போதும், நாலு வருசம் தான் ஊட்டிய புத்தி காற்றில் பறந்துவிடும். பஞ்சைத் திரும்ப அடைத்தான். தொப்பியை இறுக்கினான். ஏறி இருந்து எஞ்சினை உதைத்து, தலையைத் திருப்பாமலே, "ஏறு" என்றான்.

இரண்டு கைகள் வந்து இடுப்பைச் சுற்றின. ஒரு முகம் முதுகில் பதிந்தது.

"கண்டியா? இடம் கிடக்குத்தானே" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டான்.

எட்டு மைல். அந்த எட்டு மைலும் அவனுக்கு நல்ல மனநிலை. மனுஷியை வென்றுவிட்ட ஆண்பிள்ளைக்கு வருமே, அந்த மிதப்பு. தன் சட்டத்தைத் தானே மீறிக் கதைத்துக்கொண்டு போனான். பெடியன் என்றால் என்ன பேர், பெட்டை என்றால் என்ன பேர், எந்தப் பள்ளிக்கூடம். அவள் மறுமொழி சொல்லவில்லை. சட்டம்தானே. முகம் முதுகில் அழுந்தியிருந்தது. சட்டையினூடாக மூச்சு சூடில்லாமல் பட்டது.

பிறகு பிடரியிலும் ஒரு மூச்சு பட்டது.

முகம் முதுகில் இருக்கிறது. அப்படியானால் பிடரியில்? காற்றாக இருக்கும் என்றான் தனக்கு. காற்று முன்னாலிருந்தல்லவா வரும் என்று அவனுக்குள்ளிருந்த ஓவசியர் கேட்டான்.

காடு விலகி, கரடியனாற்று வட்டையின் நெல்வயல் கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சளாக விரிந்தது. நெல்வெட்டு நடந்துகொண்டிருந்தது. முதலில் நிமிர்ந்தவன் அரிவாளைப் போட்டான். பிறகு ஒரு வரிசை முழுக்க நிமிர்ந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவன் வரம்பில் விழுந்தெழும்பி ஓடினான். 'மோட்டார் சைக்கிளைக் காணாத பட்டிக்காட்டுச் சனம்' என்று டொமினிக் உதட்டைச் சுழிக்கப் பார்த்தான். உதடு சுழியவில்லை. அவர்கள் மோட்டார் சைக்கிளைப் பார்க்கவில்லை.

அவனுக்குப் பயமாக இருந்தது. பயத்தில் மனைவியின் கை வேண்டியிருந்தது. இடக்கையை எடுத்து, வயிற்றில் கிடந்த கையின்மேல் வைத்தான்.

சொரசொரத்த கை. நீண்ட நகம். ஒரு கிழவனின் கை.

அதற்குக் கீழே இன்னொன்று, கண்ணாடி வளையலோடு. அதற்குக் கீழே சின்னது. குழந்தைக் கை. பக்கத்தில் இன்னும். இன்னும். எல்லாம் இறுக்கிப் பிடித்திருந்தன.

பிறேக்கை அழுத்தினான். குனிந்து பார்த்தான். வயிற்றில் ஒரு கையும் இல்லை. ஆனால் சட்டை ஏழெட்டு இடத்தில் பிடிபிடியாகக் கசங்கி உள்ளே இழுபட்டிருந்தது. திரும்பிப் பார்த்தான். ஆசனம் வெறுமை.

பீற்றிஸ் ஏறவே இல்லை.

அந்த மனிதனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று இருக்குமானால் அது இதுதான்: அப்போது அவன் தன்னைப் பற்றி நினைக்கவில்லை. ஆனைக்காட்டில், பொழுதுபடுகிற நேரத்தில், ஏழு மாத வயிற்றோடு தான் விட்டுவிட்டு வந்தவளைத்தான் நினைத்தான். கயிற்றை அறுத்தான். சாக்கையும் குழையையும் வாய்க்காலில் எறிந்தான். டயர் நிமிரவில்லை. வேலியில் ஒரு கொப்பை முறித்து, அதே வேலித் தடியில் கொழுவி, "இஞ்ச நில்லு, இஞ்ச நில்லு" என்று கெஞ்சினான். வாழ்நாளெல்லாம் நக்கலடித்த வாய். அதன் சொல்லுக்கு எது நிற்கும்? சட்டையில் ஒரு பிடிகூட இளகவில்லை.

வண்டியை வந்த வழிக்கே கிறுக்கித் திருப்பினான்.

பஞ்சைப் பிடுங்கி எறிந்ததில் காது திறந்திருந்தது இப்போது. எஞ்சின் சத்தத்துக்குள் மூச்சுகள் கேட்டன. எண்ண வேண்டாம் என்று நினைத்தான். எண்ணினான். விட்டான். மரங்கள் நெருங்கின. மம்மல் இருட்டுப் பொழுது. ஒரு மைல். மூன்று. ஆண்டவரே, அவள் அங்கே நிற்க வேண்டும். ஐந்து. பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நான் என்ன ஆனாலும் சரி. ஏழு.

நின்றாள்.

தெருவோரக் கல்லில் இருந்தவள், சத்தம் கேட்டு எழும்பினாள். அவள் முகம் மலர்ந்ததை அவன் கண்டான். சத்தியமாகக் கண்டான். இரண்டு அடி அவனை நோக்கி எடுத்து வைத்தாள்.

பிறகு நின்றுவிட்டாள்.

அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே பார்த்தாள். தலைக்கு மேலே. அதற்கும் மேலே. கழுத்து பின்னால் வளையும்வரை பார்த்தாள். இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டாள். திரும்பினாள். ஓடினாள், காட்டுக்குள்.

"பீற்றிஸ்!"

அவன்தான் கத்தினான். அவனுக்குப் பின்னாலிருந்தும் கத்தினார்கள். பீற்றிஸ். பீற்றிஸ். பீற்றிஸ். ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் அவனுடைய குரலில்.

சட்டையில் ஒரு பிடி விட்டது. அடுத்தது. அடுத்தது. அவன் முதுகு லேசாகியது.

அவள் புகுந்த இடத்தில் பற்றைப் புதர் இரண்டாக ஒதுங்கியது. பிறகு அதற்குப் பக்கத்தில். பிறகு நாலு இடத்தில். பிறகு தெருவோரம் நெடுகிலும் கிளைகள் ஒதுங்கி, ஒதுங்கி, அவள் ஓடின பக்கமாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தன.