ஒற்றைச் சப்பாத்து

திங்கட்கிழமை நாலு மணிக்கு வீட்டு வேலை முடித்து வெளியே போகக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒன்று குறைந்தது. ஞானம்பிகையின் செருப்புச் சோடி வைத்தபடியே கிடந்தது. மகள் கேசிகாவின் சிவப்புச் சப்பாத்தில் இடது மட்டும்தான் இருந்தது. திருடுகிறவன் சோடியாக அல்லவா திருடுவான்!

இத்தாலியின் பலெர்மோவில் யாரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. போட்டுக்கொண்டே உள்ளே வா என்று வீட்டுக்காரி சிஞ்ஞோராவும் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். ஆனால் சனம் சாப்பிடுகிற வீட்டுக்குள் செருப்போடு போக ஞானம்பிகைக்கு மனம் வராது. பள்ளி விடுமுறை என்று கூட்டிவந்த ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதே பழக்கம். மூன்று மாடிப் படிகளிலும் தேடிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரேத்தோவிலிருக்கும் தன் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் கால் குளிருது என்றாள் கேசிகா. வலது கால் மட்டும். ஜூலை மாதம், ஊரே வெந்துகொண்டிருந்தது. செவ்வாய் நொண்டினாள். புதன்கிழமை அந்தக் கால் மெழுகு போல வெளிறிவிட்டது. ஊசி முனையால் தொட்டாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. வைத்தியர் ஒன்றுமில்லை என்றார்.

வியாழன் மத்தியானம் கேசிகாவைத் தகப்பனோடு விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். சிஞ்ஞோரா உறங்கப் போயிருந்தாள். சிரோக்கோ வெக்கைக் காற்றுக்குப் பயந்து யன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருக்க, கீழே வுச்சீரியா சந்தையில் மீன் பெட்டி கழுவிய வாடை இடுக்குகளால் ஏறிவந்து அந்த அரையிருட்டில் தேங்கி நின்றது. ஞானம்பிகை சுவர்ப் படங்களைத் துடைத்தாள்.

சிஞ்ஞோரா அமெரிக்கக்காரி. நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் நோர்தாம்டன்ஷயர் நாட்டுப்புறத்திலிருந்து கப்பலேறிய சப்பாத்துத் தொழிலாளிகளின் வழிவந்தவள். ஊர்ப்பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் வழக்கங்களையும் அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள். ஒரு படத்தில் அந்த நாட்டுப்புறத்துக் கல்வீடு. மறுபக்கத்தில் மசாசூசெற்ஸ் மரவீடு. நடுப் படத்தில், இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளிலும் கண்டெடுத்த பழைய சப்பாத்துகள். எல்லாம் ஒற்றை. எல்லாம் சின்னஞ்சிறியவை. புகைபோக்கியால் இறங்குகிற கெட்டது, பாதத்தின் மணத்தை மோந்து சப்பாத்துக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும், வீட்டுக்காரரைத் தொடாது என்று சிஞ்ஞோரா ஒருநாள் கேக் சாப்பிட்டபடி விளக்கியிருந்தாள். யாருடைய பிள்ளைகளின் சப்பாத்து என்று கேட்டதற்கு, வேலைக்காரருடைய பிள்ளைகள்தான், வேறு யார் என்று சிரித்தாள். அன்றைக்கு ஞானம்பிகையும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

புகைபோக்கிக்குக் கீழே, கணப்படுப்பின் உட்சுவரில் கையகலத்துக்குப் புதுப்பூச்சு. சனிக்கிழமை துடைத்தபோது அது அங்கே இல்லை. அதற்குப் பின்னால் ஏதோ சுரண்டியது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். துணியைக் கீழே வைத்துவிட்டுக் காதைச் சுவரோடு வைத்தாள். சுரண்டல் இல்லை. தட்டல். சிறு குதிக்கால் தட்டுகிற மாதிரி. பிறகு மணம். கேசிகாவின் கால் வியர்வை.

கத்தியை எடுத்துக் குத்தினாள். பூச்சு உதிர்ந்தது. சிவப்புத் தோல். தொட்டாள். சூடு.

"எடுக்கலாம்." பின்னால் சிஞ்ஞோரா நின்றாள். குரலில் கோபமே இல்லை. "ஆனால் வேறொன்றை வைத்துவிட்டு எடு. இடம் வெறுமையாக இருந்தால் அது உன் மகளைத் தேடிப் போகும்."

ஞானம்பிகை கனநேரம் யோசிக்கவில்லை. போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்த நிசாந்தி, ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கோ அக்கா என்று மாதக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாலு வயது மகள் லக்ஷனாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஞானம்பிகை அவளுக்குப் போன் எடுத்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே வரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நிசாந்தி வாசலில் தயங்கினாள். "அக்கா, இஞ்சை ஆக்கள் சப்பாத்தோடதானே உள்ளுக்குப் போறவை?"

"நாங்கள் எங்கட பழக்கத்தை விடக்கூடாது," என்றாள் ஞானம்பிகை. "வெளியில கழட்டு. பிள்ளையின்ரயையும்."

நிசாந்தி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். பிறகு சமையலறையைக் கழுவப் போனாள். ஞானம்பிகை லக்ஷனாவின் சின்ன நீலச் சப்பாத்தில் ஒன்றைச் சுவருக்குள் வைத்து, சிவப்பைப் பைக்குள் எடுத்துப்போட்டு, தன் விரல்களாலேயே பூசி மூடினாள். தட்டல் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. முன்னையதைவிட மெதுவாக.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கேசிகா ஓடிவந்தாள். இரண்டு காலாலும். பாதம் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஞானம்பிகை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். போன் அடித்தது. நிசாந்தி. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது.

அதற்குள் பிள்ளை பையைக் கிளறிச் சிவப்புச் சப்பாத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். போட்டுப் பார்த்தாள். கால் நுழையவில்லை.

"அம்மா, இதுக்குள்ள இடமில்லை," என்றாள். "ஆரின்ரையோ கால் இருக்கு."

ஞானம்பிகை அதைப் பறித்து எறிந்தாள். அது சுவரோரம் நிமிர்ந்து விழுந்தது. முனையில், சிவப்புத் தோலுக்கடியில், ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பின. பிறகு சப்பாத்து மெல்லத் திரும்பி, கேசிகாவைப் பார்த்து நின்றது.