இடது சுவரின் நான்காம் பலகை

வேனின் இடது சுவரில், நான்காம் பலகைக்கும் ஐந்தாம் பலகைக்கும் நடுவே ஒரு பட்டு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வார்னிஷ் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடி என்றுதான் குமரகுரு முதலில் நினைத்தான். நகத்தால் கிள்ளினான், வழுக்கியது. குனிந்து பார்த்தான். அரக்கு நிறம், ஒரு சாண் நீளம். நுனி கத்தரித்த மாதிரி நேராக இருந்தது.

உள்ளே பட்டு இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வேனின் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில், வெயில் தாங்குவதற்காக, தறி வீடுகளில் பெருக்கித் தள்ளும் கழிவு நூலைத்தான் மூட்டை மூட்டையாகத் திணித்திருந்தான். முதலில் கண்ணாடிப் பஞ்சை வைத்துப் பார்த்து, இரண்டு நாள் உடம்பெல்லாம் சொறிந்த பிறகு வந்த யோசனை அது. அவனுக்கு இடித்தது இழை வெளியே வந்த இடம். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடிப் பள்ளத்துக்குள் உட்காரும்படி இழைத்து, சுத்தியால் தட்டி இறுக்கி, திருகாணி போட்ட சுவர். சட்டைப் பையிலிருந்த டிரைவிங் லைசென்ஸை எடுத்து அந்தப் பொருத்தில் செருகிப் பார்த்தான். முனைகூட இறங்கவில்லை.

பிளேடால் இழையை அறுத்துப் போட்டான். விரலில் ஏதோ ஒட்டியிருந்தது. மரத்தூள் இல்லை. சாம்பல்.

லுங்கியில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனான்.

அது பதினெட்டு வருஷம் அவனே ஓட்டிய சுற்றுலா வேன். காலாவதியாகி ஓனர் ஓரம்கட்டியபோது அவனிடமே வந்து சேர்ந்தது. செவிலிமேட்டில் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அதை நிறுத்தி, சீட்டையெல்லாம் கழற்றி எறிந்து, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் கழித்துப் போடும் பைன் மரப் பெட்டிகளை வாங்கிவந்து பிரித்தான். ஆணி பிடுங்கிப் பிடுங்கி உள்ளங்கை காய்த்தது. மூன்று மாதம். இடது சுவருக்குப் பதினொரு பலகை, வலது சுவருக்குப் பதினொன்று, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, பின்கதவின் உட்புறத்துக்கும் பலகை. இனி ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் போட்டுவிட்டால் கிளம்பிவிடலாம். எங்கே என்று அவன் இன்னும் முடிவு பண்ணவில்லை. இந்த வீட்டில் இன்னொரு ஐப்பசி மழையைத் தனியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியாது என்பது மட்டும் தெரியும். திங்கட்கிழமைக்குள் கிளம்பியாக வேண்டும்; இல்லையென்றால் தான் கிளம்பப்போவதே இல்லை என்று பயந்தான்.

தெரு பகலில் செத்துக் கிடக்கும். புது வீடுகள், எல்லாரும் விடியும் முன்னே பஸ் ஏறிப்போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். வாரத்துக்கு ஒருதரம் ஐயம்பேட்டையிலிருந்து அர்ஜுனன் வருவான். மர வேலைக்காரன். அவனுடைய இழைப்பு மெஷினைத்தான் குமரகுரு இரவலாக வாங்கி வைத்திருந்தான்.

அன்று மதியம் அர்ஜுனன் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"இன்னாண்ணே இது, ஊறுகா ஜாடி மாரி அடைச்சி வெச்சிருக்க? ஜன்னலு எங்க?"

"மொதல்ல முழுசா அடிச்சிட்டு அப்பால அறுத்துக்கலாம்னு வுட்டுட்டேன்பா. அப்பதான் நேரா வரும்."

"நேராத்தான் வந்திருக்குது. டிரைவரா இருந்து வீணாப்போயிட்ட." சுவரைத் தடவிக்கொண்டே வந்தவன் நின்றான். "இது இன்னா, மீசை மொளச்சிருக்குது?"

குமரகுரு திரும்பினான். காலையில் ஒன்றை அறுத்த இடத்தில் இப்போது ஏழெட்டு. எல்லாம் ஒரே நீளம். சீப்பால் வாரியதுபோல ஒரே வரிசை.

"எலிதான்," என்றான் அர்ஜுனன். "பட்ட திணிச்சா எலி வராம மானா வரும்? உள்ள குட்டி போட்டிருக்கும். பிரிச்சிப் பாரு."

"பாக்கறேன்."

"இன்னாண்ணே, மொகம் ஒரு மாரி ஆயிடுச்சி? சாப்பிட்டியா இல்லியா?"

"சாப்டேன், சாப்டேன். மழ வருது பாரு, நீ கெளம்பு."

அர்ஜுனன் மெஷினைத் தூக்கி வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டான். பைக் சத்தம் தெரு திரும்பித் தேய்ந்தது. அதன்பிறகு சத்தம் என்று எதுவும் இல்லை. குமரகுரு அந்த ஏழெட்டு இழைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். நான்காம் பலகைக்குப் பின்னால் எதைத் திணித்தோம் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

அவன் மனைவி மங்கையர்க்கரசி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைக்கிறவள். தறியில் தீரப்போகும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்க்கும் வேலை. முடிச்சுப் போடக்கூடாது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. அவ்வளவுதான், பிடித்துக்கொள்ளும்; இழுத்தால் பட்டு அறும், முறுக்கு விடாது. ஒரு பாவுக்கு நாலாயிரத்து எண்ணூறு இழை. தறிக்குப் பின்னால் ஒரு முழங்காலைக் குத்திட்டு உட்கார்ந்தால், இரண்டு நாள் எழுந்திருக்கமாட்டாள். போன வருஷம் கைலாச முதலியார் தறியில் பாதி பிணைத்துவிட்டுக் காய்ச்சலோடு வீடு வந்து படுத்தாள். குமரகுரு ஊட்டிக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தான். அவளிடமிருந்து போன் வந்தது; மலையில் டவர் இல்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னான். டவர் இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை, நிறுத்தியபோது அலுப்பாக இருந்தது. மூன்றாம் நாள் பால்காரர்தான் கதவை உடைத்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததாம்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கைலாச முதலியார் ஒரு துணி மூட்டையோடு வந்தார். அவள் பிணைத்த பாதியை அப்படியே அறுத்து எடுத்து வந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதப்பா. செத்தவங்க பாதியில வுட்டத தறியில வெச்சிக்கறது இல்ல. உங்கூட்டு ஆளுங்க யாராவது மிச்சத்த பிணைச்சி முடிச்சி, பாலாத்துல வுட்டுடுங்க. அரைகொறையா மட்டும் போட்டு வைக்காதீங்க."

"எனக்கு பிணைக்கத் தெரியாதுங்களே."

"ஒரு இழையாவது உங்கையால முறுக்கி வுடுப்பா. போதும்."

அவன் முறுக்கவில்லை. மூட்டை பதினொரு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போன வாரம் இடது சுவரில் நான்காம் பலகைக்குப் பின்னால் கழிவு நூல் பற்றவில்லை. இன்னொரு தடவை தறி வீடுகளுக்கு அலையச் சோம்பல். மூட்டையை அவிழ்த்தான், திணித்தான், பலகையை வைத்துத் தட்டினான்.

போன் அடித்தது. மகள் சங்கீதா, ஓசூரிலிருந்து.

"நைனா, எங்க இருக்க? குரலே எதிரொலிக்குது."

"வண்டிக்குள்ளம்மா."

"அந்த வண்டிய கட்டிக்கினு அழு. இங்க வந்து இருன்னு எத்தினி தடவ சொல்றது? அம்மாவத்தான் தனியா வுட்டோம்..."

"சொல்லு."

"ஒன்னும் இல்ல. ராத்திரி பேசறேன். சாப்புடு."

பேசி முடித்துப் போனைத் தரையில் வைத்தான். முடிவு பண்ணியாகிவிட்டது. சுவரைப் பிரிக்க வேண்டும், மூட்டையை எடுக்க வேண்டும், ஒரு இழையை முறுக்கி ஆற்றில் விட வேண்டும். விட்டால் திங்கட்கிழமை கிளம்பலாம். இன்னும் இருட்டவில்லை, மணி நாலுகூட ஆகவில்லை.

ஆனால் நாக்கும் காடியுமாகக் கோத்த சுவரில் நடுப் பலகையை உருவ முடியாது. கடைசியிலிருந்து வர வேண்டும். பதினொன்று, பத்து, ஒன்பது. திருகாணிகளைக் கழற்றிப் பதினொன்றாம் பலகையை உருவினான்.

பின்னால் கழிவு நூல் இல்லை.

கொத்துக் கொத்தாகத் திணித்ததெல்லாம் பிரிந்திருந்தது. பிரிந்து, ஒவ்வொரு இழையாக, வேனின் இரும்பு விலாக்களுக்கு மேல் நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்தது. தளர்ச்சி இல்லாமல். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். விரலால் தட்டினால் வீணைக் கம்பி மாதிரி அதிர்ந்தது. பத்தாம் பலகையைக் கழற்றினான். அங்கேயும். ஒன்பதாம் பலகையைக் கழற்றும்போது திருகாணி கை நழுவி விழுந்து உருண்டது. சிவப்பு, மஞ்சள், அரக்கு, பச்சை. பத்து வீட்டுக் கழிவு. எல்லாம் நுனியோடு நுனி சேர்ந்து ஒரே பாவாகக் கிடந்தது. சேர்ந்த இடங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. முடிச்சு இல்லை. முறுக்கு.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் காற்று ஒருமுறை சுழன்றது; முட்டுக்கொடுத்திருந்த செங்கல் சரிந்து, பின்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கதவு நசுக்கியதில் வீட்டிலிருந்து இழுத்திருந்த ஒயர் அறுந்து பல்பு அணைந்தது.

இருட்டு.

பயப்பட ஒன்றும் இல்லை என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. பின்கதவின் கைப்பிடி பலகைக்கு அடியில் இருக்கிறது; இன்னும் அதற்கு ஓட்டை அறுக்கவில்லை. நாலு திருகாணி கழற்றினால் போதும். ஸ்க்ரூடிரைவர் கையில்தான் இருக்கிறது. தடவித் தடவிக் கதவின் முன் மண்டிபோட்டான். முதல் திருகாணியைக் கண்டுபிடித்தான். சுற்றினான். வந்தது. இரண்டாவது. அதுவும் வந்தது.

சாம்பல் வாசனை.

வறட்டி எரிந்த, சலித்த, மெல்லிய சாம்பல். மரத்தூளையும் வார்னிஷையும் தள்ளிக்கொண்டு அது மூக்குக்கு வந்தது. கூடவே ஒரு சத்தம். மழைக்கு அடியில், மிகப் பக்கத்தில். காய்ந்த விரல் இரண்டு ஒன்றோடு ஒன்று உரசும் சத்தம். உரசல். நிறுத்தம். உரசல். நிறுத்தம்.

மூன்றாவது திருகாணி. சுற்றினான். வழுக்கியது. மறுபடி வைத்தான்.

பிடரியில் ஏதோ பட்டது. எறும்பு ஊர்வதுபோல. ஒரே ஒரு மயிரை யாரோ மெதுவாகத் தூக்கினார்கள். உரசல். விட்டார்கள். அடுத்தது.

"யாரு?"

உரசல்.

"மங்க..."

நிறுத்தம். உரசல்.

முன்னால் பாய்ந்தான். தலை வரவில்லை. பின்மண்டைத் தோல் முழுவதும் தீப்பிடித்த மாதிரி இழுபட்டது. ஒன்று இரண்டு இல்லை, நூறு இருக்கும். எப்போதிருந்து? மண்டிபோட்டதிலிருந்தா? பலகையைக் கழற்றும்போதேவா? இரண்டு கையாலும் பின்னால் பிடித்து இழுத்தான். இழைகள் உள்ளங்கையை அறுத்தன. அறவில்லை. பட்டு. பிளேடு? பிளேடு அடுத்த சுவரோரம், தரையில். கையை நீட்டினான். ஒரு சாண் எட்டவில்லை.

தரையில் போன் ஒளிர்ந்தது. சங்கீதா.

அந்த வெளிச்சத்தில் எதிரே கதவுப் பலகையின் மேல் அவன் நிழல் விழுந்தது. தலை. தலையிலிருந்து புறப்பட்டு, ஒரு சேலை அகலத்துக்கு, விறைப்பாக ஓடிய கோடுகள். பக்கத்தில் யாருடைய நிழலும் இல்லை. காதோரம் மட்டும் ஒரு மயிர் தானாக நிமிர்ந்தது. வளைந்தது. எதிரில் நீண்டுவந்த கோட்டின் நுனியைத் தொட்டு, ஒருமுறை முறுக்கிக்கொண்டது. அடுத்தது நிமிர்ந்தது. அவசரமே இல்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

மறுபடி இருட்டு. மழை.

கத்தினான். தெருவில் எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது.

உரசல் காதைத் தாண்டி முன்னால் வந்தது. நெற்றியோரம். புருவம். பிறகு சாம்பல் பூசிய இரண்டு விரல் நுனிகள், குளிர்ந்து, மிகவும் பதமாக, அவன் வலது கண்ணின் மேலிமையில் முதல் மயிரைத் தேடிப் பிடித்தன.